இடக்கைக்கு ஒன்று, வலக்கைக்கு வேறொன்று

யன்னல் துடைக்கிறவனுக்கு மைனஸ் ஐந்து டிகிரிக் குளிரைவிட மூன்று டிகிரிக் குளிர் பொல்லாதது. சொன்னால் சிரிக்கிறார்கள். மைனஸ் ஐந்தில் எனக்கு வேலை இல்லை. துடைக்கிற தண்ணீர் கண்ணாடியிலேயே உறையும்; நடைபாதையில் சிந்தியது பனிக்கட்டியாகி யாராவது வயதானவர் வழுக்கி விழுவார். அன்றைக்கு வான் வண்டியை எடுக்காமல் வீட்டில் இருந்து தேத்தண்ணி குடிக்கலாம். மூன்று டிகிரியில் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும், வாடிக்கையாளரும் காத்திருப்பார், போயே ஆக வேண்டும். லண்டனில் டிசம்பரிலிருந்து பெப்ரவரி முடிகிறவரை விடிகாலைகள் பெரும்பாலும் இரண்டு டிகிரிக்கும் ஐந்து டிகிரிக்கும் நடுவில்தான் கிடந்து இழுபடும்.

நான் துடைப்பது கிழக்கு லண்டனில். ஈஸ்ட்ஹாம் ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் எங்கள் ஆட்களின் பலசரக்குக் கடைகள், நகைக்கடைகள், சாப்பாட்டுக் கடைகள். அதற்குப் பிறகு மேனர் பார்க் பக்கமாக வரிசை வீடுகள். கடைக் கண்ணாடியைக் கடை திறக்குமுன் முடித்துவிட வேண்டும். ஒரு நாளில் குளிர் உச்சத்தில் நிற்பது விடிகிற வேளையை ஒட்டித்தான். எங்கள் தொழில் நேரமும் அதுதான்.

அந்த நேரத்தில் கையை வாளிக்குள் விட்டு எடுப்பதைக் கணக்காகவும் சொல்லலாம். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடலின் சூட்டைக் கடத்திக்கொண்டு போகும். நனைந்த விரலில் காற்று அடித்தால், ஆவியாகிற நீர் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சூட்டைப் பிடுங்கும். விரலின் தோல் 15 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கைப்பழக்கம் மந்தமாகத் தொடங்கும். 8 டிகிரி அளவில் தொட்டாலும் தெரியாது. நீரை வழித்தெடுக்கிற ஸ்க்வீஜி கையில் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துத்தான் அறிய வேண்டும். ஏணியில் நிற்கும்போது அது பகிடி இல்லை.

எனக்குத் தொழில் பழக்கிய ஆங்கிலக் கிழவர் கையுறையே போடமாட்டார். வாளியில் சுடுதண்ணீர், சில துளி ஃபேரி என்ற பாத்திரச் சவர்க்காரம், உறைபனி இருந்தால் ஊதா நிற மெத்திலேட்டட் ஸ்பிரிட் கொஞ்சம். அவ்வளவுதான் அவருடைய குளிர்கால ஆயத்தம். முதல் பத்து நிமிஷம் பல்லைக் கடி, பிறகு கை தானாகச் சுடும் என்பார். வாய்வீச்சு என்றுதான் நினைத்தேன். பிறகு படித்துப் பார்த்தபோது அதில் பாதி உண்மை இருந்தது. குளிர் பட்டதும் விரல்களின் இரத்தக் குழாய்கள் சுருங்கும், ஐந்து பத்து நிமிடம் போனபின் சற்று நேரம் விரிந்து சூடு விடும், மறுபடி சுருங்கும். தோமஸ் லூயிஸ் என்ற பிரித்தானிய மருத்துவர் 1930இல் இதை விவரித்து எழுதியிருக்கிறார். கனடாவின் கஸ்பே கரையோர மீனவர்களைப் பற்றி 1960இல் வெளியான ஓர் ஆய்வு, குளிர்நீரில் வேலை செய்து பழகிய அவர்களுடைய கைகள் மற்றவர்களுடையதைவிடச் சூடாக நின்றதைக் காட்டியது. கிழவருடையதும் அப்படிப்பட்ட கை. ஆனால் அந்தக் கையின் பெருவிரல் நகக்கண்ணில் டிசம்பரில் விழுகிற வெடிப்பு வசந்தம் வரும்வரை மூடாது. சவர்க்கார நீர் தோலின் எண்ணெய்ப் பசையை எடுத்துவிடும், குளிர்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அவர் அதில் சுப்பர் குளூ விட்டு ஒட்டிக்கொண்டு அடுத்த கடைக்குப் போவார். நான் கையுறைக் கட்சியில் சேர்ந்தது அதைப் பார்த்துத்தான்.

கையுறை விற்கிறவர்கள் எல்லோரும் சூட்டைப் பற்றியே கதைக்கிறார்கள். மைனஸ் இருபதுக்கும் தாங்கும், உள்ளே தின்சுலேட் என்ற செயற்கைப் பஞ்சு இருக்கிறது, மலையேறுகிறவர்கள் போடுவது. எனக்கு அதெல்லாம் இரண்டாவது கேள்வி. தண்ணீர் எந்த வழியால் உள்ளே வரும் என்பதுதான் முதலாவது. உள்ளே ஈரம் வந்துவிட்டால் எவ்வளவு தடித்த பஞ்சும் ஒன்றுதான். காற்றைப் பிடித்து வைத்திருந்த இடத்தில் தண்ணீர் குடியிருக்கும். கையுறையின் பரப்பு வழியாக நீர் வருவதைத் தடுப்பது சுலபம். பிவிசி பூசிய மலிவான கையுறைகூடத் தடுக்கும். மணிக்கட்டு வாயால் வருவதும், நமது கையிலிருந்தே வியர்வையாக ஊறுவதும்தான் ஆளைக் கொல்லும்.

மணிக்கட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தோளுக்கு மேலே கை போகும்போது கண்ணாடிக்கு நீர் பூசுகிற மொப்பிலிருந்து வழிகிற நீர் விரல் நுனியிலிருந்து முழங்கையை நோக்கி ஓடும். மேலங்கியின் கை கையுறைக்கு வெளியே இருந்தால் அது நேரே அங்கிக் கைக்குள் இறங்கும். முழங்கை தாண்டி அக்குள்வரை போவதும் உண்டு. பழகாதவர்கள் அந்த இடத்தில் ஒரு கெட்ட வார்த்தை சொல்வார்கள், பழகியவர்கள் மெதுவாகச் சொல்வார்கள். இதற்குக் கையுறையின் வாயை அங்கிக் கைக்கு மேலே இழுத்துவிட வேண்டும். அப்போது நீர் வெளிப்புறமாக ஓடி முழங்கையில் சொட்டிவிடும். ஆனால் மழை தூறினால் கதை தலைகீழ். தோளிலிருந்து வழிகிற மழை, கையைத் தாழ்த்துகிற நேரமெல்லாம் அந்த அகன்ற வாய்க்குள் வந்து நிரம்பும். இரண்டையும் ஒரே ஒழுங்கில் சமாளிக்க முடியாது. நாளைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

நான் செய்வது இது. நீண்ட வாயுள்ள கையுறையாக வாங்குவேன், முன்கையின் பாதிவரை வருவது. அதன் விளிம்பை இரண்டு விரல் அகலத்துக்கு வெளிப்புறமாக மடித்துவிடுவேன். கை உயரும்போது ஓடிவரும் நீர் அந்த மடிப்பில், கூரைப் பீலியில் தங்குவதுபோலத் தங்கும். கையைத் தாழ்த்தி உதறினால் போய்விடும். மடிப்பு நிற்க வேண்டுமென்றால் பொருள் சற்று விறைப்பாக இருக்க வேண்டும். துணிக் கையுறையில் இது நடக்காது. மழை நாளுக்கு, பாய்ப்படகு ஓட்டுகிறவர்கள் போடும் மேலங்கி ஒன்று வைத்திருக்கிறேன். அதன் மணிக்கட்டில் நியோப்ரீன் பட்டி உள்ளே இறுக்கிப் பிடிக்கும், வெளிக்கை அதற்கு மேலால் வரும். கையுறை இரண்டுக்கும் நடுவில் போகும். விலை கூடுதல்தான். ஆனால் கடலில் போகிறவர்கள் எங்களுடைய சிக்கலை எங்களுக்கு முன்னரே தீர்த்து வைத்திருக்கும்போது மலையேறுகிறவர்களிடம் ஏன் போக வேண்டும்?

இன்னொன்றும் உண்டு. மொப்பை வாளியிலிருந்து எடுக்கும்போது ஒரு தடவை பிழிந்து எடுத்தால் கைக்கு வருகிற நீர் பாதியாகும். புதியவர்கள் ஊற்றுவார்கள். கண்ணாடிக்குத் தேவையானது அவ்வளவு இல்லை.

என்னுடன் வேலைக்கு வருகிற பெடியன் ஒருவன் முதற் குளிருக்குப் பனிச்சறுக்குக் கையுறையோடு வந்து நின்றான். கறுப்பு நிறம், தோல் உள்ளங்கை, உள்ளே நீர் புகாச் சவ்வு.

“அண்ணை, இது நூறு வீதம் வோட்டர்ப்ரூஃப்.”

“நல்லது தம்பி. பதினொரு மணிக்குச் சொல்லு.”

பதினொரு மணிவரை காத்திருக்கத் தேவை இருக்கவில்லை. இந்த வகைக் கையுறைகளில் நீரைத் தடுப்பது வெளித்துணி இல்லை, அதற்கும் உள்துணிக்கும் நடுவில் இருக்கிற மெல்லிய சவ்வு. வெளித்துணியில் நீர் உருண்டு விழுவதற்காக ஒரு பூச்சு இருக்கும். பனித்தூள் பட்டால் அது வடிவாக வேலை செய்யும். எங்கள் வாளியில் இருப்பதோ சவர்க்காரம். நீரைக் கண்ணாடியில் பரவ வைப்பதற்காகவே அதை விடுகிறோம். அதே சவர்க்காரம் கையுறைத் துணியிலும் நீரைப் பரவ வைக்கும். துணி குடித்துவிடும், தோல் ஊறிவிடும், கையுறை இரண்டு மடங்கு பாரமாகும். சவ்வு பழுதில்லாமல் இருந்தாலும் அதற்கு வெளியே ஈரத்துணி காற்றில் காய்ந்துகொண்டே கையின் சூட்டை இழுக்கும். பெடியன் கையை வெளியே எடுத்துப் பார்த்தான். உள்ளே நனையவில்லை. விரல் விறைத்துவிட்டது. அவனுக்கு அது புரியாத புதிராக இருந்தது.

அதனால் எனக்கு வெளிப்பரப்பு வழுவழுப்பாக, துணியே இல்லாததாக இருக்க வேண்டும். பிவிசி, நைட்ரைல், இயற்கை றப்பர், பொலியுரேத்தேன் எதுவானாலும் நீர் ஒட்டாமல் வழிய வேண்டும். இவற்றுக்குள்ளும் வித்தியாசம் இருக்கிறது. மலிவான பிவிசி குளிரில் இறுகும். விடியற்காலையில் வானுக்குள் இருந்து எடுத்தால் விரல்களை மடக்கவே பலம் வேண்டும். மீன்பிடிப் படகுகளுக்கென்று செய்யும் பிவிசி இறுகாது, அதற்கான மென்மையாக்கி சேர்த்திருப்பார்கள். இயற்கை றப்பர் குளிரிலும் நெகிழ்ச்சியாக இருக்கும், நனைந்த அலுமினிய ஏணியை நன்றாகப் பிடிக்கும். சிலருக்குத் தோல் ஒவ்வாமை வரும். நியோப்ரீன் நுரை சூடானது, ஆனால் நூலால் தைத்த தையல்களில் நீர் கசியும். சுழியோடுகிறவருக்கு அது பரவாயில்லை. உள்ளே வந்த நீர் அங்கேயே தங்கி உடற்சூட்டில் வெதுவெதுப்பாகும். எங்கள் கை மேலும் கீழும் போய்க்கொண்டே இருப்பதால் உள்ளே இருக்கிற நீர் மாறி மாறிப் புதுக் குளிர்நீராக வந்துகொண்டிருக்கும். தையலை ஒட்டி அடைத்ததாக இருந்தால்தான் நியோப்ரீனை எடுக்கலாம்.

ஜப்பானின் ஷோவா நிறுவனம் டெம்ரெஸ் என்று நீல நிறத்தில் ஒரு கையுறை செய்கிறது. 282 என்ற எண்ணுடையது குளிர்கால வகை. பார்த்தால் பாத்திரம் கழுவுகிற கையுறைதான். வெளியே பொலியுரேத்தேன்; நீரை விடாது, வியர்வை ஆவியை வெளியே விடும். வேலைக்காரருக்கென்று செய்த அதை ஜப்பானில் பனிமலை ஏறுகிறவர்கள் கண்டுபிடித்து, பல மடங்கு விலையுள்ள மலைக் கையுறைகளை விட்டுவிட்டு இதைப் போடத் தொடங்கினார்கள். பிறகு நிறுவனமே அவர்களுக்காகக் கறுப்பு நிறத்தில், மணிக்கட்டை இறுக்கும் வாயோடு ஒன்று செய்து விட்டது. இந்தக் கதை எனக்கு மிகப் பிடிக்கும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும்: வெளிப்பக்கம் முழுநேரமும் நனைந்தபடியே இருந்தால் ஆவி விடும் எந்தப் பூச்சும் மந்தமாகிவிடும். எங்கள் தொழிலில் வெளிப்பக்கம் முழுநேரமும் நனைந்தபடிதான்.

ஆகவே வியர்வையை வெளியேற்றுவது என் எதிர்பார்ப்பு இல்லை. அதை உறிஞ்ச ஒன்றை உள்ளே வைத்து, அந்த ஒன்றை மாற்றுவேன். இதற்குத்தான் உள்துணி தைத்து ஒட்டிய கையுறையை நான் வாங்குவதில்லை. அது ஒரு தரம் நனைந்தால் அன்றைய நாள் முழுக்க ஈரம். தளர்வாக, ஒட்டாமல் உள்ளே விட்டிருப்பது அதைவிடக் கொடுமை. ஈரக்கையை இழுத்தால் விரல்களோடு சேர்ந்து உள்துணியும் வெளியே வரும். மறுபடி ஒவ்வொரு விரலையும் உள்ளே தள்ளுவதற்குள் அடுத்த கடையும் திறந்துவிடும். நான் எடுப்பது வெறும் ஓடு, உள்ளே எதுவும் இல்லாத தடித்த றப்பர் அல்லது பிவிசி. அதற்குள் மெரினோ கம்பளியில் பின்னிய மெல்லிய கையுறை. கம்பளி தன் எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு ஈரத்தைக் குடித்தாலும் ஈரமென்று தெரியாது, சூடும் முழுக்கப் போகாது. பருத்தி அப்படி இல்லை. நனைந்தால் அது தோலோடு ஒட்டிக்கொண்டு குளிரை ஊட்டும். கம்பளி உள்ளுறைகள் சில சோடிகளைப் பையில் வைத்திருந்து, தேத்தண்ணி குடிக்க நிற்கும்போது மாற்றுவேன். நனைந்தவை வானின் சூட்டுக் காற்று வருகிற துவாரத்தில் தொங்கும். வான் எப்போதும் ஈர ஆட்டு மணம் மணக்கும் என்று என் மனைவி சொல்வாள். சரியாகத்தான் சொல்கிறாள்.

வேறு சிலர் கம்பளிக்கும் ஓட்டுக்கும் நடுவில் மருத்துவர் போடும் மெல்லிய நைட்ரைல் கையுறை ஒன்றையும் போடுவார்கள். ஓடு ஓட்டையானால் அது காக்கும். ஆனால் அதற்குள் வியர்வை குளமாகும். அரை மணி நேர வேலைக்கு நல்லது.

இனி தலைப்புக்கு வருகிறேன். எங்கள் இரண்டு கையும் ஒரே வேலை செய்வதில்லை. இடக்கை மொப்பைப் பிடித்து வாளியில் முக்கி எடுக்கும். நாள் முழுக்க ஈரம், நுணுக்கம் எதுவும் தேவையில்லை. வலக்கை ஸ்க்வீஜியைப் பிடிக்கும். கண்ணாடியின் மேலிருந்து வளைத்து வளைத்து இழுத்து வருகிற அந்த வேலையில் றப்பர் விளிம்பின் அழுத்தம் விரலுக்குத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கோடு விழும். மூலையில் தங்குகிற நீரை ஸ்க்ரிம் துணியால் ஒற்றி எடுப்பதும் அதே கைதான். கையுறையிலிருந்து அதில் ஒரு துளி சொட்டினால் துணி போச்சு. இடக்கைக்கு ஏற்றது வலக்கைக்கு ஆகாது. வலக்கைக்கு ஏற்றதைப் போட்டால் இடக்கை நனையும்.

இவ்வளவு வெளிப்படையான விஷயத்தை ஒரு கையுறைக் கடையும் ஒப்புக்கொள்வதில்லை. எல்லாம் சோடியாகத்தான். நான் இரண்டு வகையிலும் ஒவ்வொரு சோடி வாங்கி, இடக்கைக்கு நீண்ட வாயுள்ள தடித்த ஓடும் கம்பளியும், வலக்கைக்கு விரல்வரை பூசிய மெல்லிய குளிர்கால நைட்ரைலுமாகப் போடுகிறேன். ஒரு கை செம்மஞ்சள், ஒரு கை கறுப்பு. பலசரக்குக் கடை அக்கா முதல் தரம் பார்த்தபோது, “தம்பி, இருட்டுக்குள்ள எழும்பி மாறிப் போட்டிட்டு வந்திட்டியோ?” என்று கேட்டா. விளங்கப்படுத்தினேன். “அப்ப மற்றச் சோடியை என்ன செய்வாய்?” என்பது அடுத்த கேள்வி. நல்ல கேள்வி. மிஞ்சிய ஒற்றைகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. இடக்கைப் பழக்கமுள்ள யன்னல்காரர் ஒருவர் கிடைத்தால் இருவருக்கும் இலாபம், இன்றுவரை கிடைக்கவில்லை.

வலக்கைக் குளிருக்கு ஸ்க்வீஜியும் ஒரு காரணம். இப்போதைய ஒற்றை றப்பர் ஸ்க்வீஜியை அமெரிக்காவின் ஓக்லண்டில் இத்தாலியிலிருந்து வந்த எட்டோரே ஸ்டெக்கோனே 1936இல் உருவாக்கினார். அவருடையது பித்தளை. இன்றும் பித்தளைப் பிடிக்கு ரசிகர்கள் உண்டு, கையில் நிறையாக இருக்கும், எனக்கும் ஆசைதான். ஆனால் உலோகம் கையுறை ஊடாகவும் சூட்டை உறிஞ்சும். மெல்லிய கையுறை போடுகிற கைக்கு பிளாஸ்டிக் அல்லது றப்பர் பிடிதான் ஏற்றது. பித்தளையை விட முடியாதவர்கள் டென்னிஸ் மட்டைக்குச் சுற்றுகிற நாடாவைச் சுற்றலாம். குளிரில் ஸ்க்வீஜியின் றப்பர் இறுகுவதால் கோடு விழும். அதை விரல் விறைத்ததன் குற்றமென்று எண்ணிச் சிலர் இன்னும் மெல்லிய கையுறைக்கு மாறுகிறார்கள். மாற்ற வேண்டியது றப்பரை. குளிர்காலத்துக்கு மென்மையான வகை இருக்கிறது.

கடையில் எதைப் பார்ப்பது என்று பெடியன் பிறகு ஒருநாள் கேட்டான். ஐரோப்பாவில் குளிர்க் கையுறைக்கு ஈஎன் 511 என்று ஒரு தரநிலை உண்டு. கையுறையின் புறத்தில் பனிப்பூப் படம் போட்டு அதன் கீழே மூன்று எண்கள் இருக்கும். முதலாவது குளிர்காற்றைத் தாங்குவது, இரண்டாவது குளிர்ந்த பொருளைத் தொட்டால் தாங்குவது. இவை 0 முதல் 4 வரை. மூன்றாவது நீர், அதற்கு 0 அல்லது 1 மட்டும். எண்ணுக்குப் பதில் எக்ஸ் இருந்தால் அதைச் சோதிக்கவே இல்லை.

“அப்ப கடைசி எண் ஒண்டெண்டாக் காணும், என்ன அண்ணை?”

“அது இல்லாட்டி வாங்காதை. இருந்தாலும் முழுக்க நம்பாதை.”

அந்த ஒன்று அரை மணி நேரச் சோதனைக்குக் கிடைப்பது. சோதிப்பது கையுறையின் பொருளையும் தையலையும். மணிக்கட்டு வாயைப் பற்றி அந்த எண் எதுவும் சொல்லாது. எங்கள் வேலை அரை மணி நேரத்தில் முடிவதுமில்லை. எனக்கு இரண்டாவது எண்ணும் முக்கியம், உலோக ஏணியைப் பிடிக்கிறவன் என்பதால்.

அளவு: கட்டைவிரலை விட்டு உள்ளங்கையின் சுற்றளவை அங்குலத்தில் எடுத்தால் வருகிற எண்தான் ஏறக்குறையக் கையுறை எண். உள்ளே கம்பளி போடுவதாக இருந்தால் ஒரு எண் கூட்டி வாங்க வேண்டும். இறுக்கமான கையுறை இரத்தத்தை நெரிக்கும், காற்றுக்கும் இடம் வைக்காது. மணிக்கட்டில் வெல்க்ரோ இருப்பதை நான் எடுப்பதில்லை. மைக்ரோஃபைபர் துணி அதில் போய்ச் சிக்கிக்கொள்ளும்.

வீடுகளின் மேல்மாடி யன்னல்களுக்கு இப்போது ஏணி குறைவு. 2005இல் உயரத்தில் வேலை செய்வதற்கான சட்டவிதிகள் வந்த பிறகு தரையில் நின்றபடி நீண்ட கம்பத்தால் தூய்மையாக்கிய நீரைப் பாய்ச்சித் துடைக்கும் முறை பரவிவிட்டது. இதில் இரண்டு கையும் ஈரம், இரண்டும் தலைக்கு மேலே. இங்கே குளிருக்கு நீர் மட்டும் காரணம் இல்லை. உயர்த்திய கையில் இரத்தம் ஏறுவது குறைவு, இறுக்கிப் பிடித்த விரலில் இன்னும் குறைவு. அலுமினியக் கம்பம் என்றால் உலோகத்தின் குளிரும் சேரும். கார்பன் ஃபைபர் கம்பம் பாரம் குறைவு என்று வாங்குகிறார்கள். எனக்கு அது விரலைக் கடிக்காது என்பதே பெரிய காரணம். இந்த வேலைக்கு மட்டும் இரண்டு கைக்கும் ஒரே வகைத் தடித்த ஓடு போடுகிறேன். நுணுக்கம் கம்பத்தின் உச்சியிலுள்ள தூரிகைக்குத்தான், கைக்கு இல்லை. வானிலேயே நீரைச் சூடாக்கி அனுப்புகிற கருவி வைத்திருப்பவர்கள் குழாய் வெதுவெதுப்பாக இருக்கிறது என்று பெருமைப்படுவார்கள். உண்மைதான். ஆனால் உறைகுளிரில் கிடந்த பழைய கண்ணாடியில் கடுஞ்சூட்டு நீரைப் பாய்ச்சினால் அது வெடிக்கக்கூடும். கையைக் காப்பாற்றக் கண்ணாடிக்குக் காசு கட்ட முடியாது.

கை குளிர்ந்தால் நெஞ்சுக்கு உடுப்புப் போடு என்பது கிழவரின் இன்னொரு பாடம். இதை நான் முழுதாக ஏற்றுக்கொள்கிறேன். உடலின் நடுப்பகுதி குளிரத் தொடங்கினால் முதலில் இரத்தம் குறைக்கப்படுவது விரல்களுக்குத்தான். தொப்பி, கழுத்துச் சுற்று, உள்ளே ஒரு கம்பளிச் சட்டை, மணிக்கட்டில் கம்பளி வளையம். இவ்வளவும் போட்டபின் கையுறையில் கொஞ்சம் குறைவிருந்தாலும் சமாளிக்கலாம். விரல் விறைத்தால் கையை நேராக நீட்டித் தோளிலிருந்து பெரிய வட்டமாகச் சுழற்ற வேண்டும், இரத்தம் நுனிக்குத் தள்ளப்படும். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள்.

விறைத்த கையை ரேடியேட்டரில் வைக்கவோ சுடுநீரில் விடவோ கூடாது. அப்படித் திடீரெனச் சூடாக்கினால் சில்பிளேன் வரலாம். சில மணி நேரத்துக்குப் பிறகு விரல்கள் வீங்கி, அரித்து, எரிகிற அது இந்த ஈரக் குளிரில் வருகிற வியாதி, உறைநிலைக்குக் கீழே போகத் தேவையே இல்லை. படங்களில் சிவப்பாகக் காட்டுவார்கள். எங்கள் நிறத்தில் அந்தச் சிவப்புத் தெரியாது, ஊதாவும் கருமையுமாக நிற்கும். பலர் அடிபட்ட கன்றல் என்று விட்டுவிடுகிறார்கள். குளிரில் விரல் திடீரென இரத்தமற்றுப் போகும் ரேனோ வியாதியும் அப்படித்தான். வெள்ளைக்காரரின் விரல் மெழுகாகும், எங்களுடையது சாம்பல் பூத்துக் கிடக்கும். நிறத்தைப் பார்க்காமல் மரத்துப்போவதையும் குத்துவதையும் கவனிக்கச் சொல்லிப் பெடியனுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். ரேனோ உள்ளவருக்கு நல்ல கையுறை தேடிக் கொடுப்பதைவிட மருத்துவரிடம் அனுப்புவது மேல். அவருக்கு இது குளிர்காலத் தொழில் இல்லை.

இரவில் ஓடுகளை உட்புறம் வெளியாகத் திருப்பித் தொங்கவிடுவேன். திருப்ப முடியாதவற்றுக்குள் செய்தித்தாளைக் கசக்கி அடைப்பேன். நேரடியாகச் சூடு காட்டினால் றப்பர் வெடிக்கும். வாரத்தில் ஒருநாள் உள்ளே நீர் நிரப்பி வாயை முறுக்கி அழுத்திப் பார்ப்பேன். ஊசித்துளை இருந்தால் அங்கே ஒரு துளி எட்டிப் பார்க்கும், பெரும்பாலும் சுட்டுவிரலுக்கும் பெருவிரலுக்கும் நடுவில். அதை ஒட்ட முயல்வதில்லை.

சொந்தமாகத் தொழில் செய்கிறவன் எல்லாவற்றையும் தன் காசில்தான் வாங்க வேண்டும். ஆனால் பெடியனுடைய கையுறைக்குக் காசு கொடுப்பது நான். பாதுகாப்புக்குத் தேவையான உடுப்பை வேலை கொடுப்பவர் இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். 2022 ஏப்ரலிலிருந்து நிரந்தரம் இல்லாத, தேவைக்குக் கூப்பிடுகிற வேலையாட்களுக்கும் அது பொருந்தும். இதை அறியாமல் சம்பளத்தில் கழிக்கிற முதலாளிமாரும், கழிக்க விட்டுவிட்டுப் பேசாமல் இருக்கிற பெடியன்களும் எங்கள் ஆட்களுக்குள் நிறைய. பெப்ரவரி கடைசியில் கடைகள் குளிர்ச் சாமான்களின் விலையைக் குறைக்கும். அடுத்த குளிருக்கு அப்போதே போய் வாங்கிவிடுவேன், அவனுக்கு எட்டாம் எண், எனக்குப் பத்தாம் எண். பத்து எப்போதும் முதலில் தீர்ந்துவிடும்.